ஒய் தட்டுவதற்கு முன்னால்: கணினி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டுகிற ஜன்னலில்) மென்பொருளை நிறுவுவதும் நீக்குவதும். அதனால் ஆண்ட்ராய்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். கேட்டவர்களில் பெரும்பாலோர் உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைக்காரர்கள் என்பதால் பதில்கள் அவற்றின் பேக்கேஜ் மேனேஜரான (மென்பொருளை நிறுவி நீக்கும் கருவியான) ஆப்ட்டை வைத்தே இருக்கும், மற்றவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம். மேற்கோளுக்குள் இருக்கும் கட்டளைகளை டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள், "சூடோ" என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு.

கேள்வி: தினமும் "சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுக்கிறேன் சார். ஆனால் ஒரு மென்பொருள்கூட புது வெர்ஷனுக்கு மாறவில்லை. என் கணினியில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. "அப்டேட்" என்பது ரெப்பாசிட்டரியில் (மென்பொருள் வந்து இறங்கும் இணையக் கிடங்கு) இன்றைக்கு எந்தப் பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்) எந்த வெர்ஷனில் இருக்கிறது என்கிற பட்டியலை மட்டும் இறக்கி வைக்கும், உங்கள் மென்பொருள் எதையும் தொடாது. மாற்றுகிற வேலையைச் செய்வது "சூடோ ஆப்ட் அப்கிரேடு". எதெல்லாம் மாறக் காத்திருக்கிறது என்று முதலில் பார்க்க நினைத்தால் "ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்". அப்கிரேடு எதையும் நீக்காது, தேவைப்பட்டால் புதிதாகச் சிலவற்றைச் சேர்க்கும், அவ்வளவுதான். "ஃபுல்-அப்கிரேடு" அப்படியில்லை, வழியை அடைக்கிற பழைய பேக்கேஜை நீக்கவும் செய்யும், எனவே அதைக் கொடுக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டு கொடுங்கள்.

கேள்வி: சிலர் ஆப்ட்-கெட் என்கிறார்கள், சிலர் வெறும் ஆப்ட் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஆப்ட்-கெட் மூத்தது, 1990களின் கடைசியில் டெபியனோடு வந்தது. வெறும் "ஆப்ட்" கட்டளை 2014இல் வந்தது, மனிதர்கள் தட்டுவதற்காக: முன்னேற்றப் பட்டை, நிறம், கொஞ்சம் தெளிவான பேச்சு. ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதித் தானாக ஓடவிடும் கோப்பு) எழுதினால் ஆப்ட்-கெட்டையே வையுங்கள், ஏனென்றால் அதன் வெளியீடு சட்டென்று மாறாது.

கேள்வி: "அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்" என்று வருகிறது. இணையத்தில் எல்லோருக்கும் வேலை செய்கிற கட்டளை எனக்கு மட்டும் செய்யவில்லை.

முதலில் "அப்டேட்" ஓட்டினீர்களா? புதிதாக நிறுவிய கணினியில் பட்டியலே காலியாக இருக்கலாம். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் பெயரைச் சந்தேகப்படுங்கள். பேக்கேஜின் பெயரும், நீங்கள் தட்டப்போகும் கட்டளையின் பெயரும், அந்த மென்பொருளை ஊர் கூப்பிடும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்பாச்சி வெப் சர்வர் டெபியனில் "அப்பாச்சி2", ஃபெடோரா என்ற வேறு வகை லினக்ஸில் "ஹெச்டிடிபிடி". கோப்பு தேட உதவும் "எஃப்டி" என்ற கருவி டெபியனில் "எஃப்டி-ஃபைண்ட்" என்ற பேக்கேஜாக இருக்கிறது, நிறுவிய பிறகு அதை ஓட்டுவதற்கோ "எஃப்டிஃபைண்ட்" என்று சேர்த்துத் தட்ட வேண்டும்! ஆகவே "ஆப்ட் சர்ச்" போட்டுத் தேடுங்கள், கிடைத்ததை "ஆப்ட் ஷோ" போட்டுப் படியுங்கள், அப்புறம் நிறுவுங்கள்.

மூன்றாவது காரணம் ரெப்பாசிட்டரி. உபுண்டுவில் "யுனிவர்ஸ்" பகுதி அணைந்திருந்தால் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் கண்ணிலேயே படாது. நான்காவது, உங்கள் பதிப்புக்கு வயதாகிவிட்டது. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆயுள் 9 மாதம்தான், எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) என்றால் 5 ஆண்டு. ஆயுள் முடிந்த பிறகு அந்தப் பேக்கேஜ்களைப் பழைய சர்வருக்கு நகர்த்திவிடுவார்கள், உங்களுக்கு 404 எர்ரராக வந்து குவியும். அதற்கு மருந்து புதிய பதிப்புக்குப் போவதுதான்.

கேள்வி: ஒரு மென்பொருள் கோளாறு செய்ததால் "ரிமூவ்" கொடுத்து நீக்கி மறுபடி நிறுவினேன். அதே கோளாறு, அதே அமைப்புகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. "பர்ஜ்" கொடுத்தும் பார்த்துவிட்டேன். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது, ஐயா.

"ரிமூவ்" மென்பொருளை நீக்கும், ஆனால் "/ஈடிசி" ஃபோல்டருக்குள் இருக்கும் அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். நாளைக்கே நீங்கள் மனம் மாறித் திரும்ப நிறுவினால், உட்கார்ந்து எழுதிய அமைப்பெல்லாம் வீணாகக் கூடாது என்கிற நல்ல எண்ணம். "பர்ஜ்" அதையும் சேர்த்துத் துடைக்கும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது: இரண்டுமே உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. பயர்பாக்ஸ் ப்ரொஃபைல், எடிட்டரின் நிற அமைப்பு, ப்ளேயரின் வரலாறு எல்லாம் ஹோமில் ".கான்ஃபிக்", ".லோக்கல்/ஷேர்", ".கேஷ்" போன்ற, புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களில் இருக்கின்றன. பேக்கேஜ் மேனேஜர் அங்கே எதையும் வைக்கவில்லை, வைத்தது மென்பொருள், நீங்கள் அதை ஓட்டியபோது. எனவே மேனேஜரின் கணக்கில் அது இல்லை, நீக்கவும் அதற்கு உரிமை இல்லை. நியாயம்தானே?

உங்கள் பேய் அங்கேதான் இருக்கிறது. மென்பொருளை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்து ஓட்டிப் பாருங்கள். சரியானால் பழையதை அழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. முன்பு எதையெல்லாம் "ரிமூவ்" செய்து மிச்சம் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க "டிபிகேஜி -எல்" போடுங்கள் (டிபிகேஜி என்பது ஆப்ட்டுக்கு அடியில் இருந்து வேலை செய்யும் கருவி), வரி தொடக்கத்தில் "ஆர்சி" என்று நிற்பவை எல்லாம் மென்பொருள் போய் அமைப்பு மட்டும் தங்கியவை. அவற்றைத் துடைக்க ஒவ்வொன்றாகப் "பர்ஜ்" கொடுக்கலாம்.

ஆனால் டேட்டாபேஸ் விஷயத்தில் கை நடுங்கட்டும். மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்றவற்றைப் பர்ஜ் செய்யும்போது "தரவையும் அழிக்கட்டுமா" என்று ஒரு கேள்வி வரும், அதைச் சும்மா எண்டர் தட்டித் தாண்டக் கூடாது. முதலில் தரவை வேறு இடத்தில் பிரதி எடுங்கள்.

கேள்வி: நான் பயன்படுத்தாத ஒரே ஒரு சின்ன மென்பொருளை நீக்கினேன். பிறகு "ஆட்டோரிமூவ்" செய்யச் சொன்னது, செய்தேன். அடுத்த முறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரையும் எழுத்தும்தான். டெஸ்க்டாப்பே இல்லை! என்ன நடந்தது, எப்படி மீட்பது?

மீட்பதை முதலில் சொல்கிறேன். அந்தக் கறுப்புத் திரையிலேயே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போக முடியும் (எதுவும் வரவில்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்). உள்ளே போய் "லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்" என்று தட்டுங்கள். என்றைக்கு, எந்தக் கட்டளைக்கு, எது வந்தது, எது போனது என்று வரி வரியாக இருக்கும். கடைசிப் பதிவில் நீங்கள் இழந்தது எல்லாம் பெயரோடு இருக்கும். உபுண்டு என்றால் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்" பெரும்பாலானதைத் திருப்பிக் கொடுத்துவிடும், மிச்சத்தைப் பட்டியல் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சங்கடம், டெஸ்க்டாப்போடு நெட்வொர்க் மேனேஜரும் போயிருந்தால் வைஃபை வராது. ஈதர்நெட் கேபிள் செருகுங்கள், அல்லது போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள், வைஃபையை விட இது சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இனி என்ன நடந்தது என்று. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஆப்ட் ஒரு குறி வைத்திருக்கிறது: நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டதா, அல்லது வேறொன்றுக்குத் துணையாகத் தானாக வந்ததா. தானாக வந்தது, இப்போது யாருக்கும் தேவையில்லை என்றால் ஆட்டோரிமூவ் அதை அள்ளிக்கொண்டு போகும். யோசனை நல்லதுதான், ஆனால் மெட்டா பேக்கேஜ் என்று ஒரு வகை உண்டு. அதற்குள் சொந்தமாக ஒன்றும் இருக்காது, "இந்த நூறு பேக்கேஜும் எனக்கு வேண்டும்" என்கிற பட்டியல்தான் அது. அந்த நூறில் கட்டாயமான ஒன்றை நீக்கினால் மெட்டா பேக்கேஜும் விழும். அது விழுந்ததும், அதை நம்பி வந்த மீதித் தொண்ணூற்றொன்பதுக்கும் கேட்பார் இல்லை. இந்த விபத்தைத் தடுக்க ஆப்ட்டில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, மெட்டா பேக்கேஜ் என்று முறையாக வகைப்படுத்தப்பட்டவை நீக்கப்படும்போது அதன் துணைகளை நீங்கள் கேட்டு வந்தவையாகவே வைத்துக்கொள்ளும். ஆனால் அப்படி வகைப்படுத்தப்படாதவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதெல்லாம் ரகசியமாக நடந்ததில்லை என்பதுதான் என் ஆதங்கம். "ஒய்" (சரி), "என்" (வேண்டாம்) இரண்டில் எது என்று கேட்பதற்கு முன் ஆப்ட் முழுப் பட்டியலையும் திரையில் கொட்டியிருக்கும், "பின்வருபவை நீக்கப்படும்" என்று தலைப்புப் போட்டு. நாம் யார் அதைப் படிக்கிறோம்? ஒய், எண்டர். கொஞ்சம் புத்திசாலி என்று நினைத்துக்கொள்பவர்கள் கட்டளையிலேயே "-ஒய்" சேர்த்து அந்தக் கேள்வியையும் கேட்கவிடாமல் செய்துவிடுகிறார்கள்.

2021இல் நடந்த ஒன்று பலருக்கு நினைவிருக்கும். பிரபலமான யூடியூபர் ஒருவர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் (கணினி விளையாட்டுகளுக்கான மென்பொருள்) நிறுவப் போனார். அந்த நேரத்தில் அந்தப் பேக்கேஜில் ஒரு பிழை, ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் டெஸ்க்டாப்பை நீக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. ஆப்ட் சும்மா இருக்கவில்லை, அடிப்படைப் பேக்கேஜ்கள் போகப்போகின்றன, விபரீதம், உறுதியென்றால் "யெஸ், டூ அஸ் ஐ சே!" என்று முழு வாக்கியத்தையும் தட்டச் சொன்னது. தட்டினார், டெஸ்க்டாப் போயிற்று. பிழை பேக்கேஜ் செய்தவர்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை, பிறகு சரிசெய்தும் விட்டார்கள். ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆப்ட்டையே திருத்தினார்கள், இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் தட்டி அடிப்படைப் பேக்கேஜை நீக்க முடியாது, அதற்கென்று தனி ஆப்ஷன் கொடுத்தால்தான் நகரும். எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்துகொண்டு கதவையே மூடிவிட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. நீக்கும் முன் "ஆப்ட் -எஸ் ரிமூவ்" என்று பேக்கேஜ் பெயரோடு போடுங்கள், ஒத்திகை மட்டும் நடக்கும், ஒன்றும் அழியாது, சூடோகூட வேண்டாம். ஆட்டோரிமூவ் பட்டியலில் உங்களுக்கு வேண்டியது எதுவும் இருந்தால் "சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்" என்று அதன் பெயரைக் கொடுங்கள், நீங்களே கேட்டதாகக் குறி மாறிவிடும், பிறகு தொடாது. பட்டியல் ஒரு திரைக்கு மேல் நீண்டால் "என்" எழுத்தை அழுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

கேள்வி: "குட் நாட் கெட் லாக்" என்று எர்ரர். லாக் ஃபைலை அழித்தால் சரியாகும் என்று இணையத்தில் படித்தேன். அழிக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. இந்த ஆலோசனை இணையத்தில் சாகாவரம் பெற்று உலவுகிறது.

ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பேக்கேஜ் கணக்கில் எழுதக் கூடாது என்பதற்காக இருக்கிற பூட்டு அது. கணினியைப் போட்ட சில நிமிடங்களில் பின்னணியில் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கிக்கொண்டிருக்கும், அதுதான் அநேகமாக உங்களைத் தடுக்கிறது. பூட்டைப் பிடித்திருக்கும் ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) எண்ணையும் பெயரையும் அந்த எர்ரர் செய்தியே சொல்லும், படித்துப் பாருங்கள். ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் தானாக விடும். இன்னொரு விஷயம், அந்தக் கோப்பு இருப்பதே பூட்டு ஆகாது. ஓடுகிற ப்ராசஸ் அந்தக் கோப்பின்மேல் பிடித்திருக்கும் பிடிதான் பூட்டு. ப்ராசஸ் செத்தால் பிடியை இயங்குதளமே விடுவித்துவிடும். ஆகவே எதுவும் ஓடவில்லையென்றால் கோப்பை அழிப்பதில் பயனில்லை, ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அழிப்பது ஆபத்து.

பாதியில் மின்சாரம் போய்விட்டது என்றால் அது வேறு கதை. "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" கொடுங்கள், அரைகுறையாக நின்றதை முடித்து வைக்கும். பிறகு "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்".

கேள்வி: டெப் ஃபைல் (டெபியன் வகைப் பேக்கேஜ் கோப்பு) ஒன்றை இறக்கி "டிபிகேஜி -ஐ" கொடுத்தால் அது இல்லை இது இல்லை என்று நீளமாகத் திட்டுகிறது.

டிபிகேஜிக்குக் கையில் கொடுத்த கோப்பைப் பிரித்து வைக்கத்தான் தெரியும், துணைப் பேக்கேஜ்களைத் தேடிக் கொண்டுவரத் தெரியாது. அந்த ஃபோல்டருக்குள் போய் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./" என்று தொடங்கி, இடைவெளி விடாமல் கோப்பின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் முக்கியம், இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ரெப்பாசிட்டரியில் தேடப் போய்விடும். சில டெப் ஃபைல்கள் தங்கள் சொந்த ரெப்பாசிட்டரியையும் கூடவே சேர்த்துக்கொள்ளும் (கூகுள் குரோம் அப்படித்தான், அதனால்தான் அது தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது). இப்படி வந்து சேர்ந்தவற்றை எப்போதாவது "/ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி" ஃபோல்டரில் எட்டிப் பாருங்கள், மறந்துபோன விருந்தாளிகள் சிலர் இருப்பார்கள்.

கேள்வி: ஆப்ட் மூலம் நீக்கியும் மெனுவில் அப்படியே இருக்கிறதே?

அது ஆப்ட் வழியாக வந்ததே இல்லை, ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று மென்பொருள் நிறுவ வேறு வழிகளும் உண்டு. "ஸ்னாப் லிஸ்ட்", "ஃபிளாட்பேக் லிஸ்ட்" இரண்டையும் பாருங்கள். உபுண்டு 22.04 முதல் பயர்பாக்ஸே ஸ்னாப்தான், ஆப்ட்டில் இருக்கும் அதே பெயர்ப் பேக்கேஜ் உங்களை ஸ்னாப்புக்குக் கைகாட்டிவிடும் வெற்றுக்கூடு. எந்த வழியில் வந்ததோ அந்த வழியில்தான் அனுப்ப வேண்டும்: "சூடோ ஸ்னாப் ரிமூவ்", அல்லது "ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால்".

கேள்வி: பைத்தான் படிக்கும் மாணவி நான். பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கருவியில் "பிப் இன்ஸ்டால்" கொடுத்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று மறுக்கிறது. முன்பெல்லாம் வேலை செய்ததே?

செய்தது, சத்தமில்லாமல் உடைக்கவும் செய்தது. இயங்குதளத்தின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. ஆப்ட் வைத்த பைத்தான் நூலகம் ஒன்றிருக்க, அதே நூலகத்தின் வேறு வெர்ஷனைப் பிப் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினால் அந்தக் கருவிகள் குழம்பும், குறிப்பாகச் சூடோ போட்டுப் பிப் ஓட்டினால். இதற்காகவே பெப் 668 என்ற விதி வந்தது, டெபியன் 12 வெளியான 2023 முதல் பிப் இப்படி மறுக்கிறது.

பாடத்துக்கும் ப்ராஜெக்ட்டுக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (நூலகங்களைத் தனியாக வைக்கும் ஒரு ஃபோல்டர்) போடுங்கள்: "பைத்தான்3 -எம் வென்வ் பாடம்", பிறகு "சோர்ஸ் பாடம்/பின்/ஆக்டிவேட்". அதற்குள் பிப் உங்கள் இஷ்டம். வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும், இதைவிடச் சுத்தமான நீக்கல் கிடையாது. டெர்மினலில் ஓட்டும் தனிக் கருவி ஏதாவது வேண்டுமென்றால் "பிப்எக்ஸ்". அந்த எர்ரரின் அடியில் "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்று ஒரு ஆப்ஷனும் காட்டும். பெயரிலேயே உண்மையைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பல தளங்களில் "கர்ல்" (இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கட்டளை) போட்டு ஸ்கிரிப்ட்டை நேராகச் சூடோ பேஷுக்குள் (ஸ்கிரிப்ட்டை ஓட்டும் நிரலுக்குள்) ஊற்றச் சொல்கிறார்களே, செய்யலாமா?

எனக்குப் பிடிக்காது. தீங்கான ஸ்கிரிப்ட்டாக இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். நல்ல ஸ்கிரிப்ட்டாகவே இருந்தாலும் அது எந்தக் கோப்பை எங்கே போட்டது என்று எங்கும் பதிவாகாது, நீக்கும் நாளில் நீங்கள் துப்பறிய வேண்டும். கட்டாயமென்றால் முதலில் கோப்பாக இறக்குங்கள், திறந்து படியுங்கள், நீக்க வழி சொல்லியிருக்கிறார்களா பாருங்கள், அப்புறம் ஓட்டுங்கள். சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) "மேக் இன்ஸ்டால்" செய்வதும் இதே கதைதான். வழக்கமாக "/யுஎஸ்ஆர்/லோக்கல்" கீழே போகும், அந்தச் சோர்ஸ் ஃபோல்டரைப் பத்திரமாக வைத்திருந்தால் சிலவற்றுக்கு "மேக் அன்இன்ஸ்டால்" வேலை செய்யும், சிலவற்றுக்கு அந்த வசதியே எழுதியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் ரெப்பாசிட்டரியில் வருவதெல்லாம் நூறு சதவீதம் பாதுகாப்பா?

இல்லை. இறங்கும் பட்டியலின் டிஜிட்டல் கையொப்பத்தை ஆப்ட் சரிபார்க்கிறது, அதனால் வழியில் யாரும் மாற்றவில்லை என்று உறுதி. உள்ளே எழுதியவரே கெட்டவராக இருந்தால் கையொப்பம் என்ன செய்யும்? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் திட்டமிட்டு வைத்த கள்ளக் கதவு ஒன்று வெளிவந்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர். டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை அது போயிருந்தது, நிலையான பதிப்புக்கு வரவில்லை. டெபியன் ஸ்டேபிளில் எல்லாம் பழைய வெர்ஷன் என்று கேலி செய்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: "ஆப்ட் கிளீன்" கொடுத்தால் இடம் பெருகுமா?

ஆப்ட்-கெட்டில் நிறுவிப் பழகியவர்களுக்குப் பெருகும், இறக்கிய டெப் கோப்புகளை அது சேமித்து வைக்கும். "ஆப்ட்" கட்டளை நிறுவியதும் அவற்றைத் தானே அழித்துவிடுகிறது, எனவே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எப்போதும் உபுண்டுதானா? ஃபெடோரா, ஆர்ச், மேக், விண்டோஸ்காரர்கள் என்ன பாவம் செய்தோம்?

விண்டோஸில் "விங்கெட்" இருக்கிறது, 2021இல் 1.0 ஆனது. "விங்கெட் இன்ஸ்டால்", "விங்கெட் அன்இன்ஸ்டால்", எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதுப்பிக்க "விங்கெட் அப்கிரேடு --ஆல்". ஆனால் நீக்கும் வேலையைப் பெரும்பாலும் அந்தந்த மென்பொருளின் சொந்த அன்இன்ஸ்டாலரிடமே ஒப்படைத்துவிடும், அது விட்டுப்போகும் குப்பைக்கு விங்கெட் பொறுப்பில்லை. மேக்கில் ஹோம்ப்ரூ, 2009 முதல் இருக்கிறது, சூடோ போட்டால் ஓட மறுக்கும், போடாதீர்கள். "ப்ரூ அன்இன்ஸ்டால்" கொடுத்த பிறகும் தேவையற்ற துணைகள் மிஞ்சியிருந்தால் "ப்ரூ ஆட்டோரிமூவ்" கொடுங்கள்.

ஆர்ச்சில் "பேக்மேன் -ஆர்என்எஸ்" நீக்கலோடு துணைகளையும் சேர்த்துத் துடைக்கும் (அந்த ஆர் மட்டும் பெரிய எழுத்து). "-எஸ்ஒய்" மட்டும் கொடுத்து ஒரு பேக்கேஜை ஏற்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள், பட்டியல் புதியது, கணினி பழையது என்று அரைகுறையாக நிற்கும். எப்போதும் "-எஸ்ஒய்யு" (இதிலும் எஸ் மட்டும் பெரியது).

ஃபெடோராக்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. "டிஎன்எஃப் ஹிஸ்டரி லிஸ்ட்" போட்டால் செய்த ஒவ்வொரு வேலையும் எண் போட்டு வரும், "சூடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ" என்று அந்த எண்ணைக் கொடுத்தால் வந்ததை அனுப்பி, போனதைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கும். பழைய வெர்ஷன் ரெப்பாசிட்டரியில் இன்னும் இருந்தால்தான் முழுதாக நடக்கும், எனவே அண்டூ செய்வதென்றால் அன்றைக்கே செய்துவிடுங்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கேட்ட வெர்ஷன் அங்கே இருக்காது.